‘இதர’ என்றொரு கடைசி வரி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, மனுவை எப்படிப் பதிவது, தீர்மானத்தை எப்படி எழுதுவது, முடித்த வேலையை எந்தப் பக்கம் நின்று படம் எடுத்தால் மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதையெல்லாம் ஆறே மாதத்தில் நீங்கள் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். கடைசியாகச் சொன்னதைப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தர மாட்டார்கள், பக்கத்து மேஜைக்காரர் சொல்லித்தருவார். நான் அதையெல்லாம் பேச வரவில்லை. மாநகராட்சியில் சமுதாய அமைப்பாளராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவள் என்று என்னைக் கூப்பிட்டு, உங்கள் சாதனைகளைச் சொல்லுங்கள் என்றார்கள். சாதனை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு காரியம் என் முகத்திலேயே அறைந்த கதையைச் சொல்கிறேன். உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

பகுதி சபை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மக்களை உட்காரவைத்து, கவுன்சிலர் முன்னிலையில் குறை கேட்கிறோம். என் பகுதி மந்தைவெளிக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவில் இருந்தது. ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். முதல் இரண்டு கூட்டங்கள் சந்தைக்கடையாக இருந்தன. குரல் பெரிதாக இருப்பவருக்குத்தான் மைக் கிடைத்தது. மூன்றாவது கூட்டத்தில் நான் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தேன். எல்லோரும் படிவத்தில் பெயர், கதவு எண், புகார் மூன்றையும் எழுதித் தரவேண்டும். தெருவாரியாக, கதவு எண் வரிசைப்படி கூப்பிடுவேன். எழுந்து நின்று மைக்கில் இரண்டு நிமிடம் பேசலாம். எந்தத் தெருவிலும் சேராதவை எல்லாம் கடைசியில் ‘இதர’ என்ற ஒரே வரியில் வரும்.

ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. மற்ற வார்டுக்காரர்கள் என்னிடம் வந்து படிவத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அப்போது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ‘இதர’ வரும்போது என்ன நடக்கும் என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை. கவுன்சிலர் செல்போனுக்குப் போய்விடுவார். பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடுவார்கள். டீ தீர்ந்திருக்கும். பின்வரிசை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்கும். நான் ‘இதர’ என்று படித்துவிட்டு, யாரும் எழுந்திருக்காததைப் பார்த்து நோட்டை மூடிவிடுவேன்.

மல்லிகா அந்தக் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். ஐம்பதை நெருங்கும் வயது. மடியில் ஒரு கட்டைப்பை. எங்கள் தெருக்களில் நான்கு வீடுகளில் வேலை செய்தாள். முன்பு கால்வாய் ஓரத்தில் குடியிருந்தவள். அந்த வீடுகளை எடுத்தபோது குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக்குப் போனாள். வீடு அங்கே போனது, வேலை இங்கேயே இருந்தது. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, பஸ் மாறி, ஆறு மணிக்குள் முதல் வீட்டு வாசலில் நிற்பாள். திரும்பிப் போய்ச் சேர மாலை நாலு மணி ஆகும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

ஒருமுறை நான் அவளிடம், “ஏம்மா, உங்க வார்டே இது இல்லையே, இங்க வந்து என்ன பண்ணப்போறீங்க?” என்று கேட்டேன்.

“சும்மாதாம்மா. குந்திகினு கேட்டுட்டுப் போறேன்” என்று சிரித்தாள்.

டீ நீட்டினால் வாங்கமாட்டாள். “வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்” என்பாள். தண்ணீர் பாட்டில் கொடுத்தாலும் அதே பதில். வெயில் காலத்தில், கழுத்தெல்லாம் வியர்த்து வழிய உட்கார்ந்துகொண்டு, “இப்பத்தான் குடிச்சேன்” என்பாள். ஏதோ விரதம்போல என்று விட்டுவிட்டேன். எங்கள் ஆபீஸ் கிளார்க் பெண்ணிடம், “பாவம், ஃபேன் காத்துக்கு வருது” என்றுகூடச் சொன்னேன். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டு வந்தேன்.

எங்கள் பகுதியில் கால்வாய்ச் சுவரை ஒட்டி ஒரு பொதுக் கழிப்பறை இருந்தது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். காலை ஏழரைக்கு மேல்தான் அதைத் திறப்பார்கள். தொட்டி அடிக்கடி நிரம்பி வழியும். பக்கச் சந்தில் சாயங்காலமானால் நாலு பேர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு எதிரே முதல் வீடு, தெரு நலச்சங்கச் செயலாளர் அண்ணாச்சியுடையது. தி. நகரில் துணிக்கடை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். அந்த நாற்றம் பொய் இல்லை. அவர் வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள்.

“எம்மா, ஒரு நா எங்க வீட்டுல வந்து சோறு தின்னு பாருங்க. அப்புறம் சொல்லுங்க, நான் கேக்கது நியாயமா இல்லையான்னு” என்றார்.

அவர் கொண்டுவந்த மனுவில் ஐம்பதுக்கு மேல் கையெழுத்து. முதல் கையெழுத்து லலிதா மாமியுடையது. மாமி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், மந்தைவெளியிலேயே பிறந்து வளர்ந்தவர். மனுவின் வாசகமும் அவருடையதுதான், ஒரு பிழை இருக்காது. கழிப்பறையை இடித்துவிட்டு அந்த இடத்தில் செடி வைக்க வேண்டும் என்பது கோரிக்கை.

நான் விசாரிக்காமல் எதையும் செய்கிறவள் இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன். காலை பதினொரு மணிக்குப் போய், குடையைப் பிடித்துக்கொண்டு முழுதாக முக்கால் மணி நேரம் நின்றேன். பெண்கள் பக்கம் ஒருவர்கூட வரவில்லை. ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதினேன். ஆபீஸ் நேரத்தில் போய்ப் பார்த்தால் ஆபீஸ் நேரத்தில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும் என்பது அத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு உறைக்கவில்லை. இடிக்கச் சபையின் தீர்மானம் வேண்டும், அதற்கு நாளாகும். அதுவரை பூட்டிவைக்கலாம் என்று அனுமதி வாங்கினேன். பூட்டுப் போட்டு, படம் எடுத்து அனுப்பி, புகார் தீர்ந்தது என்று பதிந்தேன். எல்லாம் நாலு நாளில்.

அடுத்த கூட்டத்தில் எனக்குக் கைதட்டல். அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, “இப்படி ஒரு ஆபீசரம்மா நமக்குக் கிடைச்சது பாக்கியம்லா” என்றார். இடிப்பதற்கான தீர்மானத்தை அடுத்த சபையில் நிறைவேற்றிவிடலாம் என்று கவுன்சிலர் சொன்னார். மறுபடியும் கைதட்டல். நான் ரொம்ப அடக்கமாகச் சிரித்தேன்.

கடைசியில் வழக்கம்போல் ‘இதர’ என்று படித்தேன். அன்று முதல்முறையாகக் கடைசி வரிசையில் மல்லிகா எழுந்து நின்றாள். மைக் அவளிடம் போனது.

“பேரும் கதவு எண்ணும் சொல்லுங்கம்மா” என்றேன்.

“மல்லிகா.”

“கதவு எண்?”

முன்வரிசை ஆண்கள் யார் என்று பார்க்கத் திரும்பினார்கள். மைக் ஒருமுறை கீச்சென்றது. அவள் அதை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

“ஒண்ணுமில்லமா. குந்திக்கிறேன்.”

அவள் உட்கார்ந்தாள். நான் பதிவேட்டில், ‘இதர: ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கம் இன்னமும் அலுவலகத்தில் இருக்கும். பார்க்க வேண்டுமென்றால் போய்ப் பாருங்கள், என் கையெழுத்து நன்றாகவே இருக்கும்.

இரண்டரை மாதம் கழித்து, மாமி எழுதித் தருவதாகச் சொன்ன ஒரு கடிதத்துக்காக அவர் வீட்டுக்குப் போனேன். மல்லிகா வேலை செய்த நான்கு வீடுகளில் அதுவும் ஒன்று. சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மல்லிகா அங்கே பாத்திரம் தேய்க்கும் தொட்டிமுற்றத்தில் சுருண்டு கிடந்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது. மாமி பதறிப்போய், “என்னடி ஆச்சு, காத்தாலே ஏதாவது சாப்ட்டியோ?” என்று கேட்டுக்கொண்டே அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார். குடிக்கக் கொடுத்த தண்ணீரை அந்த நிலைமையிலும் மல்லிகா கையால் தள்ளினாள்.

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டாக்டர், என் மகள் வயதுப் பெண். பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார்.

“எவ்வளவு நேரம் அடக்கி வெச்சிருக்காங்க இவங்க? தண்ணியே குடிக்கிறதில்லையா? இன்ஃபெக்‌ஷன் கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?”

பாட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். படுக்கச் சொன்னேன். ஏம்மா இப்படி என்று கேட்டேன்.

“நாலரைக்கு வூட்ட வுட்டுக் கெளம்பறேன்மா. திரும்பிப் போவ நாலு மணி ஆவுது. நடுவுல எங்க போறது? அந்தக் கால்வாயாண்ட இருந்துச்சு, எட்டு மணிக்கு மேல ஒரு தபா, மத்தியானம் ஒரு தபா போயிடுவேன். இப்பப் பூட்டிட்டாங்க. தண்ணி குடிச்சாதானே போவணும், அதான் குடிக்கறதில்ல.”

“வேலை செய்யுற வீட்டுல?”

அவள் சிரித்தாள். கோபமாகக்கூட இல்லை. “நாலு வூட்லயும் பாத்ரூம் கழுவுறது நான்தாம்மா. கழுவறதுக்குத்தான் உள்ள போவேன்.”

கூட்டத்துக்கு எதற்கு வந்துகொண்டிருந்தாள் என்று கேட்டேன். பதில் ஓரளவு தெரிந்துதான் கேட்டேன்.

“ஏழரைக்குத் தொறக்கறாங்களே, கொஞ்சம் ஆறு மணிக்குத் தொறக்கச் சொல்லலாம்னுதான் வந்துகினு இருந்தேன். எங்க சொல்றது? ஆம்பளைங்க கீறாங்க, கவுன்சிலர் கீறாரு. மைக்ல போயி இத எப்படிமா சொல்றது? அப்புறம் பாத்தா பூட்டியே போட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “என் பேர மட்டும் எங்கியும் சொல்லிடாதம்மா. நாலு வூடும் போயிடும்” என்றாள்.

பூட்டியவள் நான் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுதேன். ஆட்டோக்காரர், “யாராச்சும் தவறிட்டாங்களாமா?” என்று கேட்டார்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அந்தக் கழிப்பறை முன்னால் போய் நின்றேன். பதினொரு மணிக்கு ஈ காக்கை இல்லாமல் கிடந்த இடம். பூக்கூடையோடு ஒரு அம்மா, வீட்டு வேலைக்கு வந்து இறங்கிய மூன்று பேர், எங்கள் தூய்மைப் பணியாளர்கள் நான்கு பேர். பூட்டிய கதவைத் தாண்டி, சுவர் இடிந்த இடத்தில் கால்வாய்ப் பக்கம் இறங்கினார்கள். ஒருத்தி புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்து நிற்க, அதன் பின்னால் ஒவ்வொருத்தியாகப் போய் வந்தார்கள். மல்லிகா அங்கே போகாததற்குக் காரணம், வேலைக்கு நடுவில் அவள் வெளியே வரும் நேரத்தில் தலைப்பைப் பிடித்து நிற்க யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் எங்கள் பணியாளர் ஒருத்தி தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “வணக்கம் மேடம்” என்றாள். தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் எனக்கு வணக்கம் சொல்கிறவள்தான்.

அன்றே சாவியை அவர்களுடைய மேற்பார்வையாளர் அம்மாவிடம் கொடுத்தேன். பெண்கள் பக்கத்தை மட்டும் காலையில் திறந்து, கழுவி, பிறகு பூட்டிவிடச் சொன்னேன். விதிப்படி அது தப்பு. நான் செய்த தப்புகளிலேயே எனக்குப் பிடித்த தப்பு. ஆனால் சபை கூட இன்னும் பத்து நாள்தான் இருந்தது. இடிப்பதற்குத் தீர்மானம் வந்துவிட்டால் அந்தச் சாவிக்கு வேலை இல்லை.

நீங்கள் கேட்கலாம், மேலதிகாரியிடம் போய் இடிக்க வேண்டாம் என்று குறிப்பு எழுதியிருக்கலாமே என்று. எழுதியிருக்கலாம். அண்ணாச்சி மறுபடி ஐம்பது கையெழுத்தோடு வருவார். எனக்கு அடுத்து வருகிறவர், பதினொரு மணிக்குக் குடையோடு போய்ப் பார்ப்பார். பூட்டியதற்குக் கைதட்டிய சபையே திறக்கச் சொன்னால்தான் அது நிற்கும். அதிலும் மல்லிகாவின் பெயர் என் வாயிலிருந்து வரக்கூடாது. ராத்திரி பகலாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப் போட்டேன். முதல் வரி ‘இதர’.

கூட்டத்தன்று அண்ணாச்சி தாளைப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, வாலு தலைக்கு வந்துட்டு?” என்று சிரித்தார். கவுன்சிலருக்கு அன்று ஒரு கல்யாணம். அரை மணியில் முடித்துவிடலாமா என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். கடைசி வரிசையில் எங்கள் பணியாளர்கள், பூக்கார அம்மா, இன்னும் சிலர். நான் வரச் சொல்லியிருந்தேன். மல்லிகாவை நான் கூப்பிடவில்லை. அவளும் வந்திருந்தாள். அரை உடம்பாக இளைத்து, கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

“முதல்ல இதர. கதவு எண் வேண்டாம், படிவம் வேண்டாம். பின்னாடி இருக்கறவங்க பேசலாம்” என்றேன். மைக் பின்வரிசைக்குப் போனது. ஒருவர் இன்னொருவரிடம் தள்ளினார்கள். பூக்கார அம்மா அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஹாலே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“யாரும் பேசலைன்னா அடுத்ததுக்குப் போவோம்மா. தீர்மானத்தை வாசிங்க, சாருக்கும் நேரமாவுதுல்லா” என்றார் அண்ணாச்சி. கவுன்சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தச் சில நொடிகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அவர்களுக்காக நானே பேசிவிடலாம். பேசினால் அண்ணாச்சி, யார் அவங்க, பேரைச் சொல்லுங்க என்பார். பேசாவிட்டால் இன்னொருமுறை ‘ஏதுமில்லை’ என்று எழுத வேண்டும். நான் போய் மைக்கின் சுவிட்சை அணைத்தேன்.

“ஆம்பளைங்க எல்லாரும் கொஞ்சம் வெளியே போய் டீ சாப்பிட்டு வாங்க. இன்னைக்கு டீ முன்னாடியே வந்திருக்கு” என்றேன்.

ஹாலில் ஒரே சலசலப்பு. “இது எந்த ரூல்ஸ்ல இருக்கும்மா?” என்று ஒருவர் கேட்டார். எந்த ரூல்ஸிலும் இல்லை என்று சொன்னேன். கவுன்சிலர் நாற்காலியில் பாதி எழுந்து, “நானுமா மேடம்?” என்றார். “நீங்களும்தான் சார்” என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு துண்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார். அவர் போனதும் மற்றவர்கள் போனார்கள். அண்ணாச்சி கடைசியாக, முணுமுணுத்துக்கொண்டே போனார். கதவைச் சாத்தினேன்.

முப்பது, முப்பத்தைந்து பெண்கள் இருந்தோம். அப்போதும் யாரும் பேசவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரப் பெண்களுக்கு விஷயம் என்னவென்றே தெரியாது. வேறு வழியில்லாமல் நான் என் கதையைச் சொன்னேன்.

“நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க ஆபீஸ்ல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கிடையாது. மூணு வருஷம் காலையில அரை டம்ளர் காப்பியோட நிறுத்திக்குவேன். மத்தியானம் வெயில்ல நடந்து ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய், சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்னு தினமும் பொய் சொல்லுவேன். அவளோட மாமியாருக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது.”

சிலர் சிரித்தார்கள். பதவி வந்ததும் எனக்கு பாத்ரூம் வந்தது, பாத்ரூம் வந்ததும் மறதி வந்தது. அதையும் சொன்னேன். கால்வாயோரக் கழிப்பறையைப் பூட்டியது நான்தான், யாருக்கு அது வேணும்னு யாரையும் கேட்காமப் பூட்டினேன் என்றும் சொன்னேன்.

எங்கள் பணியாளர்தான் முதலில் வாயைத் திறந்தாள். கால்வாய்ச் சுவரையும் புடவைத் தலைப்பையும் பற்றி இரண்டு வாக்கியம். பிறகு பூக்கார அம்மா. மைக் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்கள். முன்வரிசையில் லலிதா மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

“அப்போ எங்காத்துக்கெல்லாம் வேலைக்கு வரவா எங்கேதான் போறா?” என்று யாரையும் குறிப்பிடாமல் கேட்டார்.

ஒருவரும் மல்லிகா பக்கம் திரும்பவில்லை. நானும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியாகத்தான் மெதுவாகத் திரும்பினார்.

“மல்லிகா... நீ?”

மல்லிகா எழுந்து நின்றாள். பையை நாற்காலியில் வைத்தாள். உட்கார்ந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

“பதினோரு வருஷமாச்சுமா உங்க வூட்டுக்கு வந்து. தெனம் உங்க பாத்ரூம் கழுவறேன். ஒரு நாளுகூட உள்ள கதவ சாத்திக்கினதில்ல.”

“கேட்டிருக்கலாமேடி. நா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?”

“தெரியலமா” என்றாள் மல்லிகா. “அதாம்மா கேக்கல.”

நிச்சயமாகக் கொடுத்திருப்பேன் என்று மாமியால் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் இருந்ததற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை அதிகமானது. அன்று மல்லிகா சமையலறையில் கிடந்தபோது தண்ணீரைத் தள்ளியது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “ராமா” என்று மெல்லச் சொன்னார். எழுந்து என் மேஜைக்கு வந்து, அந்த மனு எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பேனா கேட்டார். முதலாவதாக இருந்த தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டு, அடித்தது தான்தான் என்பதற்காகப் பக்கத்தில் இன்னொருமுறை கையெழுத்திட்டார். பிறகு கதவைத் திறந்து, “அண்ணாச்சி, உள்ளே வாங்கோ. எல்லாரும் வாங்கோ” என்று பள்ளிக்கூட வாத்தியாரம்மா குரலில் கூப்பிட்டார்.

ஆண்கள் டீ டம்ளரோடு உள்ளே வந்தார்கள். மாமி சுற்றி வளைக்கவில்லை. நம்ம ஆத்துக்கு வேலைக்கு வரவாளுக்கும், தெருவைப் பெருக்கறவாளுக்கும் இதை விட்டால் வேற இடமில்லை, நா எழுதின மனு தப்பு என்று முடித்துவிட்டார். யார் பெயரையும் சொல்லவில்லை.

அண்ணாச்சி டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்தார். “இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்று என்னைக் கேட்டார்.

“முதல்ல சொல்ல நான் வழி வைக்கலை அண்ணாச்சி. தப்பு என்னுது.”

“எங்க கடையில இருவது பொம்பளப் பிள்ளைய நிக்கி. அதுகளுக்கு மாடியில இருக்கு. அதை மத்தியானம் பூட்டிவெச்சாத்தான் கூட்டம் கலையாம வேலை நடக்கும்னு மேனேஜர் சொன்னான், சரின்னுட்டேன்.” யாரும் கேட்காமலேயே அவர் அதைச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி. இடிக்க வேண்டாம். ஆனா நாத்தம் நாத்தம்தான், பாத்துக்கிடுங்க. அந்தத் தொட்டியை ஒழுங்கா மாத்தித் தரணும்” என்றார்.

அது நியாயம். தொட்டியை மாற்றுவது, சந்தின் வாயை அடைத்து விளக்குப் போடுவது, காலை ஐந்தரைக்குத் திறப்பது, சாவி ஒரு பெண்ணிடமே இருப்பது என்று தீர்மானம் எழுதினோம். கவுன்சிலர் கையெழுத்துப் போடும்போது, “முகூர்த்தம் போச்சு, சாப்பாடாவது கிடைக்குமான்னு பாக்கறேன்” என்றார். இந்தமுறை யாரும் கைதட்டவில்லை. எனக்கு அது ரொம்ப நிம்மதியாக இருந்தது.

எல்லாம் சுபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தொட்டி மாற்ற ஐந்து மாதம் இழுத்தடித்தது. மல்லிகாவுக்கு நான்கு வீட்டில் ஒரு வீட்டு வேலை போனது, ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை. மாமி தன் வீட்டுப் பின்பக்க பாத்ரூமில் ஒரு புது சோப்பு வைத்து, “இது நோக்கு” என்றாராம். மற்ற இரண்டு வீடுகளில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

உங்களுக்கு நான் பெரிதாக அறிவுரை சொல்லப்போவதில்லை. ‘இதர’வை முதலில் வையுங்கள். ஒரு இடத்தைப் பார்க்கப் போகும்போது உங்கள் நேரத்துக்குப் போகாதீர்கள், அதற்கு வருகிறவர்களின் நேரத்துக்குப் போங்கள். ஒருவர் உங்கள் எதிரில் வியர்த்துக்கொண்டு தண்ணீரை வேண்டாம் என்றால், விரதம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இதெல்லாம் எனக்கு முப்பது வருஷம் பிடித்தது.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் நடத்திய கடைசிச் சபையைச் சொல்லி முடிக்கிறேன். அன்றும் முதல் வரி ‘இதர’தான். அது முடிந்து தெருக்களுக்கு வந்தபோது டீ வந்தது. ஆளில்லாததால் நானே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனேன். மல்லிகா இப்போது கடைசி வரிசையில் இல்லை, இரண்டாவது வரிசையில் மாமிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பழக்கதோஷம், அவளைக் கேட்காமலேயே தாண்டி அடுத்தவருக்கு நீட்டினேன்.

பின்னாலிருந்து யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள்.

“இன்னாமா, எனுக்கு டீ இல்லியா?”

கொடுத்தேன். ஊதிக்கூடப் பார்க்காமல் மூன்று மடக்கில் குடித்துவிட்டு, காலி டம்ளரை என் பக்கம் நீட்டினாள்.

“இன்னொண்ணு குடும்மா.”